மலை முழுக்க மரம் இருக்கிறது, கோடையில் பவானியில் மட்டும் ஏன் தண்ணீர் இல்லை?

கீழ்பவானிக்காரன் (நசியனூர் பக்கம்)

வணக்கம்ங்க. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

எனக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்றரை ஏக்கர். எங்களுடையது இரட்டைப்படை மதகு. ஒரு வருடம் ஆகஸ்ட் பதினைந்துக்குத் திறந்துவிட்டால் நெல், அடுத்த வருடம் தை மாதத்தில் தண்ணீர் வந்தால் கடலை, எள். ஆடி பிறந்தால் பேப்பரில் நான் முதலில் பார்ப்பது பவானிசாகர் நீர்மட்டம்தான், 105 அடிக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று. அதற்குப் பிறகுதான் மற்ற செய்தி எல்லாம்.

அம்மா பிறந்த ஊர் மேட்டுப்பாளையம். சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்குப் போனால் பகல் பூராவும் ஆற்றில்தான் கிடப்போம். சித்திரை வெயிலிலும் முழங்காலுக்கு மேல் ஓடும், கல்லெல்லாம் வழுக்கும். போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காலை ஏழு மணிக்கு ஆற்றைப் பார்த்தேன். பாதி ஆற்றைச் செருப்பைக் கழற்றாமலே நடந்து தாண்டலாம் போல இருந்தது. மனசே சரியில்லை.

சரி, மலையில் காட்டை அழித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் சொந்தக்காரர்களோடு ஊட்டி போனால் அங்கே பார்த்த இடமெல்லாம் மரம். குந்தா ரோட்டில் இரண்டு பக்கமும் வானம் தெரியாத அளவுக்கு நிற்கிறது. இவ்வளவு மரம் இருக்கும்போது ஆறு ஏன் இப்படி? எங்கள் ஊரில் மழையும் பெரிதாகக் குறைந்த மாதிரி தெரியவில்லை, ஐப்பசியில் நன்றாகவே பெய்கிறது.

வாட்ஸ்அப்பில் ஒருவர் மரம் நட்டால் ஆறு ஓடும் என்கிறார். இன்னொருவர் தைல மரம்தான் ஆற்றைக் குடிக்கிறது என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? முடிந்தால் டிஎம்சி கணக்கில் சொல்லுங்கள், அதுதான் எனக்குப் புரியும்.

பசுமைக்கரம் (கோவை)

இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பரே? மரம் இருந்தால் மழை, மழை இருந்தால் ஆறு. நீலகிரியில் ரிசார்ட் கட்டியே காட்டை முடித்துவிட்டார்கள். ரோட்டோரம் நிற்கும் மரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆளுக்குப் பத்து மரம் நட்டால் போதும், பவானி பழையபடி ஓடும்.

ஓடைக்கணக்கு (ஊட்டியில் சில வருடம் இருந்தவன்)

பசுமைக்கரம் சொல்வதில் நல்ல மனசு இருக்கிறது, ஆனால் நீலகிரி மேல்மலையில் அந்தக் கணக்கு கிட்டத்தட்டத் தலைகீழ். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நசியனூர் மழையை வைத்துப் பவானியைக் கணக்கிட முடியாது. உங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில் பெய்வது வடகிழக்குப் பருவமழை. பவானிசாகருக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கே அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் கொட்டும் தென்மேற்கு மழை. இரண்டும் வேறு வேறு மழை. உங்கள் வயல் நனைந்த வருடம் ஆறு காய்வதும், ஆறு நிரம்பிய வருடம் உங்கள் ஊர் காய்வதும் சாதாரணமாக நடப்பதுதான்.

இப்போது மரத்துக்கு வருவோம். நீங்கள் குந்தா ரோட்டில் பார்த்ததில் பெரும்பகுதி அந்த மலையின் காடு கிடையாது. கற்பூர மரம் (கீழே தைல மரம் என்பீர்கள்), சீகை (சீயக்காய் இல்லை, வாட்டில் என்ற மரம்), பைன். கற்பூரமும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கற்பூர மரத்தை 1843இல் ஊட்டியில் நட்டார்கள், சீகை அதற்கும் சில வருடம் முன்னால். முதலில் விறகுக்கு, பிறகு தோல் பதனிடும் பட்டைக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு சிறுமுகையில் வந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழுக்கு என்று மலைமேல் பரப்பிக்கொண்டே போனார்கள். இதற்கெல்லாம் முன்னால் அங்கே இருந்தது பெரும்பாலும் புல்வெளி. மடிப்புகளில் மட்டும், ஓடை பிறக்கும் இடத்தில், கட்டையாக அடர்த்தியாகச் சோலை. மேலே திறந்த மேடு முழுக்கப் புல், அடியில் பள்ளத்தில் சதுப்பு. வெள்ளைக்காரன் அந்தப் புல்லைப் பார்த்து 'வெறும் நிலம்' என்று எழுதி வைத்தான். நாமும் ரொம்ப நாள் அதையே நம்பினோம்.

புல்வெளிக்கும் கற்பூரத் தோப்புக்கும் தண்ணீர் விஷயத்தில் என்ன வித்தியாசம்? புல்லுக்கு வேர் ஆழமில்லை, மார்கழி தையில் உறைபனி விழுந்ததும் பழுத்துக் காய்ந்துவிடும். காய்ந்த புல் தண்ணீர் குடிக்காது. அதனால் ஆடி மழையில் மண்ணுக்குள் இறங்கியது பங்குனி சித்திரையில் மெல்லக் கசிந்து ஓடைக்கு வந்துகொண்டே இருக்கும். கற்பூர மரம் அப்படிச் சும்மா இருக்காது. வருடம் முழுக்கப் பச்சை, வேர் ஆழம், வளர்ச்சி வேகம். ஓடைக்கு வரவேண்டிய கசிவு வேரோடு இலைக்குப் போய் ஆவியாகிறது. இலைமேலே தங்கித் தரைக்கு வராமலே காய்ந்துபோகும் மழை வேறு.

இது யாரோ சொன்ன கதை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் நீலகிரியிலேயே கிளன்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சின்னப் பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். 1968 முதல் சில வருடம் இரண்டையும் அப்படியே விட்டு ஓடையில் வரும் தண்ணீரை மட்டும் அளந்தார்கள், இரண்டுக்கும் என்ன உறவு என்று தெரிந்துகொள்ள. 1972இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதைத் தொடவில்லை. முதல் பத்து வருடச் சுற்றில் நட்ட பள்ளத்தாக்கின் ஆண்டு ஓட்டம் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது, மில்லிமீட்டரில் 87 (குறைந்த தண்ணீரைப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரப்பினால் நிற்கும் உயரம்). பிறகு மரத்தை வெட்டினார்கள், அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வந்தது. அந்த இரண்டாவது சுற்றில் குறைவு 25 சதவீதம் ஆகிவிட்டது. ஏன் கூடியது என்றால் மறுதாம்புக்குக் கன்று மாதிரி முதலிலிருந்து வேர் விட வேண்டிய வேலை இல்லை. வேர் ஏற்கெனவே கீழே இருக்கிறது, முதல் வருடத்திலிருந்தே உறிஞ்சும்.

இதைவிட முக்கியம் கோடைக் கணக்கு. வறண்ட காலத்துக் குறைந்தபட்ச ஓட்டம் முதல் சுற்றில் பாதியானது, இரண்டாவது சுற்றில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குக்கு இறங்கியது. ஆண்டு மொத்தத்தில் பார்த்தால் கால்வாசி போனது போலத்தான் தெரியும். மாசி பங்குனியில் போய்ப் பார்த்தால் முக்கால்வாசி போயிருக்கும்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. மரம் நட்ட பள்ளத்தாக்கில் மழை நாளின் வெள்ள உச்சமும் குறைந்தது. ஆக மரம் ஒன்றுக்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது எந்த மாதத்துத் தண்ணீர் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பசுமைக்கரம்

அப்படியென்றால் எல்லா மரத்தையும் வெட்டிவிட்டால் ஆறு நிரம்பி வழியும் என்கிறீர்களா? ஆச்சரியமாக இருக்கிறது.

ஓடைக்கணக்கு

இல்லை. வெட்டினால் அடுத்த சில வருடம் ஓடையில் தண்ணீர் கூடும், அது உலகம் முழுக்கப் பார்த்தது. ஆனால் வெட்டிய பிறகு அந்த மண்ணை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் மற்றதெல்லாம். ஆடுமாடு மிதித்து, ஜேசிபி ஏறி, மேல்மண் இறுகிப்போனால் மழை உள்ளே இறங்காது. மேலாகவே ஓடி அன்றைக்கே கலங்கலாக ஆற்றில் சேர்ந்துவிடும். வருட மொத்தம் கூடிய மாதிரி இருக்கும், கோடையில் ஓடை செத்திருக்கும். அதனால்தான் கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் இயற்கைக் காடு, சிதைந்த நிலம், அக்கேஷியா தோப்பு மூன்றையும் ஒப்பிட்டபோது, இயற்கைக் காட்டு ஓடைகள்தான் மழைக்குப் பிறகு அதிக நாள் தாக்குப்பிடித்தன. அங்கே காட்டு மண் பஞ்சு மாதிரி. மரம் குடிப்பதைவிட அந்த மண் உள்ளே வாங்குவது அதிகம். நீலகிரி மேல்மலையிலோ புல்வெளி மண்ணே நல்ல பஞ்சுதான், அங்கே தோப்பு வந்து மண்ணுக்குப் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, குடிப்பதை மட்டும் கூட்டியது. ஒரே கேள்விக்கு இரண்டு மலையில் இரண்டு பதில் வருவது இதனால்தான்.

தென்னாப்பிரிக்காக்காரர்கள் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 1998இல் வந்த அவர்களுடைய தண்ணீர்ச் சட்டத்தில் தோப்பு வளர்ப்பது 'ஆற்று ஓட்டத்தைக் குறைக்கும் செயல்' என்றே எழுதியிருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவரைப் போலத் தோப்புக்காரரும் அனுமதி வாங்க வேண்டும். அவர்களுக்கும் தொல்லை கொடுப்பது இதே சீகை மரம்தான்.

குந்தைச்சீமை (எமரால்டு பக்கம்)

நான் படுகர். எங்கள் ஹட்டி (ஊரை அப்படித்தான் சொல்வோம்) எங்கே என்று சொல்ல வேண்டாம், அவலாஞ்சி மலை தெரியும் தூரம். மரத்தைப் பற்றி ஓடைக்கணக்கு அண்ணன் எழுதியது எல்லாம் சரி. ஆனால் எல்லோரும் மேட்டையே பார்க்கிறீர்கள், பள்ளத்தை விட்டுவிட்டீர்கள்.

எங்கள் ஹட்டிக்குக் கீழே ஒரு சதுப்பு இருந்தது. இரண்டு மூன்று ஏக்கர் இருக்கும். என் சின்ன வயதில் எருமை உள்ளே போனால் வயிறு வரை இறங்கும், அதனால் கன்றுகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். கறுப்பு மண். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் துணி பிழிகிற மாதிரி தண்ணீர் சொட்டும், பிழிந்த பிறகு கையில் நார் நாராக மக்கிய வேர்தான் மிஞ்சும். சித்திரையிலும் அதன் வாயிலிருந்து ஒரு கை அகல ஓடை நிற்காமல் போகும். எங்கள் குடிதண்ணீர் அதுதான்.

உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் நல்ல விலை வந்த காலத்தில் அந்தச் சதுப்பின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினோம். வெட்டினார்கள் என்று எழுதவில்லை பாருங்கள், வெட்டினோம், எங்கள் அப்பாவும் மாமாவும்தான். ஒரே வருடத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. மண் நன்றாக வற்றி, அடுத்த சில வருடங்களில் நிலமே இறங்கிப்போனது. வேலிக் கல் ஒன்று அடிவரைக்கும் வெளியே தெரிய ஆரம்பித்தது. அந்த மண்ணில் வந்த கேரட் மாதிரி நான் அப்புறம் பார்த்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஓடை மாசியோடு நின்றது. இப்போது அந்த இடத்திலேயே கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, ஸ்பிரிங்ளரில் அதே கேரட்டுக்குத் தண்ணீர் அடிக்கிறோம். சும்மா வந்த தண்ணீரை ஓட்டி அனுப்பிவிட்டுக் கரண்ட் செலவழித்து மேலே இழுக்கிறோம்.

இந்த மலையில் எத்தனை ஹட்டிக்குக் கீழே இப்படி ஒரு சதுப்பு இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். கற்பூர மரம் மேட்டில் உறிஞ்சியது ஒரு பக்கம், நாங்கள் பள்ளத்தில் தொட்டியின் அடியைத் திறந்துவிட்டது இன்னொரு பக்கம்.

தேயிலைக்காட்டுப் பெண் (கோத்தகிரி)

கேரட்டும் கற்பூரமும் வந்தாயிற்று, அடுத்து யாராவது தேயிலைமேல் பழி போடுவீர்கள், அதற்கு முன்னால் நானே வந்துவிடுகிறேன்.

எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தால் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதற்காகக் காட்டை வெட்டியது உண்மை, தாத்தாவே வெட்டியிருக்கிறார். முதல் மூன்று நான்கு வருடம் செடி முழங்கால் உயரம்கூட இல்லாதபோது ஒவ்வொரு மழைக்கும் ஓடை டீ நிறத்தில்தான் ஓடுமாம், பால் ஊற்றிய டீ. எங்களைக் கேட்டுக்கொண்டு யாரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

என் கேள்வி இதுதான். இப்போது தேயிலை மூடிக்கொண்டு கம்பளம் மாதிரி நிற்கிறது. இன்னமும் அது ஆற்றைக் கெடுக்கிறதா?

ஓடைக்கணக்கு

நல்ல கேள்வி அக்கா. கென்யாவில் கெரிச்சோ என்ற இடத்தில் 1950களின் கடைசியில் ஒரு மலைக்காட்டை வெட்டித் தேயிலை போட்டு, பக்கத்தில் காட்டை அப்படியே வைத்து, பல வருடம் அளந்தார்கள். காட்டை வெட்டிய புதிதில் ஓடையில் தண்ணீர் கூடியது. தேயிலை முதிர்ந்து இலை மூடியதும் ஆண்டு மொத்தம் காட்டின் அளவுக்கே திரும்பிவிட்டது. அதாவது முதிர்ந்த தேயிலை ஏறக்குறையக் காடு அளவுக்குக் குடிக்கும். மண்ணைத் தின்பது நடும் காலம், கவாத்துக் காலம், அப்புறம் எஸ்டேட் ரோடும் தொழிலாளர் லயன் வீடும். உங்கள் தாத்தா பார்த்த பால் டீ அந்த நடும் காலத்துக் கதை. அதை வைத்து இன்றைய தோட்டத்தைத் திட்டுவது நியாயமில்லை. ஆனால் புல்வெளியில் போட்ட தேயிலையைச் சோலையை வெட்டிப் போட்ட தேயிலையோடு ஒன்றாக வைக்க முடியாது. புல்லோடு ஒப்பிட்டால் அது அதிகம் குடிக்கத்தான் செய்யும்.

அளவுகோல்காரர் (பணி ஓய்வு, சத்தியமங்கலம்)

தம்பிகளா, அணை, வாய்க்கால் அளவு எடுக்கும் வேலையில் முப்பது வருடத்துக்குமேல் இருந்தவன். நீங்கள் எழுதியதெல்லாம் மலை ஓடைக்குப் பொருந்தும். ஆனால் கேள்வி கேட்டவர் பார்த்தது மேட்டுப்பாளையத்தில், காலை ஏழு மணிக்கு. அது மலையின் ஆறு இல்லை, மின்வாரியத்தின் ஆறு.

1950களில் கனடா உதவியோடு தொடங்கிய குந்தா மின்திட்டத்தைப் பாருங்கள். மேல்பவானியில் பிறக்கும் தண்ணீர் இயற்கையில் நேராக அட்டப்பாடிப் பக்கம் இறங்க வேண்டியது. அணை கட்டிச் சுரங்கம் போட்டு அவலாஞ்சிக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து எமரால்டு, குந்தா பாலம், கெத்தை, பரளி என்று ஒவ்வொரு மின்நிலையமாகச் சுற்றிக் கடைசியில் மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருக்கும் பில்லூர் அணைக்கு வருகிறது. பில்லூரில் எப்போது டர்பைன் ஓடுகிறதோ அப்போது மேட்டுப்பாளையத்தில் ஆறு ஓடும். மாலையில் ஊரெல்லாம் லைட் போடும் நேரத்துக்குத் திறந்தால் ராத்திரியில் இடுப்பளவு வரும், காலையில் பாறை தெரியும். பாறைமேல் நின்று குளித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வந்த தண்ணீரில் மாட்டிக்கொண்ட கதை அந்தக் கரையில் எத்தனை உண்டு என்று உங்கள் தாய்மாமனைக் கேளுங்கள்.

ஆகவே சின்ன வயதில் பார்த்த பகல் ஆற்றையும் போன சித்திரை காலை ஏழு மணி ஆற்றையும் பக்கத்தில் வைத்து மலை கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. கெட்டிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் நின்று அது தெரியாது. வழியெல்லாம் மோட்டார் போட்டு இழுப்பதும், கோவைக்குப் பில்லூரிலிருந்து போகும் குடிநீரும் வேறு இருக்கிறது.

மலை கெட்டதை அணைக்காரன் வேறு இடத்தில் பார்ப்பான், வண்டலில். காய்கறிச் சரிவிலிருந்து வரும் மண் குந்தா பாலத்திலும் பில்லூரிலும் படிந்து கிடக்கிறது. கொள்ளளவு கணக்கு புத்தகத்தில் ஒன்று, தண்ணீருக்கு அடியில் வேறொன்று.

கீழ்பவானிக்காரன்

எல்லோருக்கும் நன்றிங்க. தலை சுற்றுகிறது, ஆனாலும் புரிகிறது. அளவுகோல்காரர் ஐயா சொன்னதை மாமாவிடம் கேட்டேன். 'ராத்திரி வந்து பாருடா, அப்போ தெரியும் ஆறு' என்று சிரிக்கிறார். முப்பது வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

அந்த 87 மில்லிமீட்டரை டிஎம்சி ஆக்கித் தர முடியுமா? எங்கள் அணைக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒரு குத்துமதிப்பு வேண்டும்.

ஓடைக்கணக்கு

போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 87 மில்லிமீட்டர் என்றால் சுமார் மூன்றரை லட்சம் லிட்டர். ஒரு டிஎம்சி என்பது 2,830 கோடி லிட்டர் சொச்சம். வகுத்தால் ஏறக்குறைய 80,000 ஏக்கர் வருகிறது. அதாவது 80,000 ஏக்கர் மேல்மலை அந்தக் கிளன்மார்கன் பள்ளத்தாக்கு மாதிரி மாறினால் வருடத்துக்கு ஒரு டிஎம்சி குறையும். பவானிசாகர் கொள்ளளவு 32.8 டிஎம்சி. அணைக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்பு 4,200 சதுர கிலோமீட்டர், பத்து லட்சம் ஏக்கருக்கு மேல்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், உங்கள் வாய்க்கால் ஒரு வருடம் திறக்காமல் போவதற்குக் கற்பூர மரத்தைக் காரணம் காட்ட முடியாது. அதைத் தீர்மானிப்பது அந்த வருடத் தென்மேற்கு மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கிறதா? அங்கே நல்ல சோலையும் புல்வெளியும் இருக்கும் இடம்தான். ஆனாலும் மலை சரிந்தது, ரோடு போனது, ஓடை புரண்டது. அந்த அளவு மழைக்கு எந்த மண்ணும் எந்த மரமும் பதில் சொல்லாது. நிலத்தை என்ன செய்தோம் என்பது நடுத்தர மழையிலும் கோடையிலும்தான் பேசும். அணைக்கு ஒரு டிஎம்சி என்பது பேப்பரில் ஒரு வரி. பங்குனியில் ஹட்டி ஓடை பாதியாகக் குறைவது அங்கே குடம் வைத்திருப்பவருக்குப் பெரிய விஷயம். காட்டெருமைக்கும் யானைக்கும்கூட.

பசுமைக்கரம்

சரி, ஒப்புக்கொள்கிறேன், நான் அவசரப்பட்டுவிட்டேன். எங்கள் குழு அடுத்த மாதம் மேல்மலையில் நட 500 கன்று வைத்திருக்கிறது. என்ன செய்வது? சீகையை வெட்டப் போகலாமா?

குந்தைச்சீமை

தம்பி, முதலில் யார் நிலம், யார் அனுமதி என்று பாருங்கள், பெரும்பாலும் வனத்துறை நிலம். அந்நிய மரங்களை எடுக்க 2022இல் தமிழ்நாடு அரசே கொள்கை போட்டிருக்கிறது, அவர்களோடு சேர்ந்து போங்கள். சீகையை வெட்டிவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதன் விதை மண்ணில் பல வருடம் தூங்கும், வெளிச்சம் பட்டதும் கீரைப் பாத்தி மாதிரி முளைக்கும். நான் பார்த்த ஒரு இடத்தில் வெட்டிய இரண்டாவது வருடம் முன்பைவிட அடர்த்தியாக நின்றது. வருடா வருடம் போய்க் கையால் பிடுங்க ஆள் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். சில சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக வந்திருக்கும், அங்கே கத்தியை வைக்கவே வேண்டாம்.

500 கன்றைக் கோவையில் ரோட்டோரம் நடுங்கள், நல்ல நிழல் கிடைக்கும். இங்கே வேண்டுமானால் வந்து எங்கள் சதுப்புக் கால்வாயில் கல்லும் மண்ணும் போட்டு அடைக்க உதவுங்கள். மாமாவைச் சம்மதிக்க வைக்க ஆறு வருடம் ஆனது. அரை ஏக்கருக்கு மட்டும் தலையாட்டியிருக்கிறார், அதுவும் கேரட் விலை இறங்கிக் கிடப்பதால்.

அளவுகோல்காரர்

அடைப்பதற்கு முன்னால் அளந்து வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு ஆளாளுக்கு ஒன்று சொல்வீர்கள். பெரிய கருவி வேண்டாம். ஓடை குறுகும் இடத்தில் ஒரு பிவிசி பைப் வைத்துச் சுற்றிலும் களிமண் பூசினால் தண்ணீர் முழுக்கப் பைப் வழியாக விழும். கீழே 20 லிட்டர் பக்கெட், கையில் செல்போன். நிரம்ப எத்தனை விநாடி என்று மூன்று தடவை பார்த்துச் சராசரி எழுதுங்கள். வாரம் ஒரு நாள், அதே கிழமை, விடியற்காலையில். பகலில் செடி குடிக்கும், அதனால் மத்தியானம் கொஞ்சம் குறைவாகக் காட்டும். பக்கத்தில் கை வைக்காத இன்னொரு ஓடையையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள். கிளன்மார்கனில் செய்தது அதையேதான், கொஞ்சம் பெரிய பக்கெட்.

குந்தைச்சீமை

ஐயா, இன்று காலை செய்து பார்த்தேன். எங்கள் சதுப்பு ஓடையில் பக்கெட் நிரம்ப 52 விநாடி. மலைக்கு அந்தப் பக்கம் யாரும் கால்வாய் வெட்டாத சதுப்பு ஒன்று இருக்கிறது, அதன் வாயில் 14 விநாடி.

துள்ளிக் குதித்துக்கொண்டு எழுத வந்தேன், அதற்குள் அம்மா சொல்கிறார், எங்கள் ஓடைக்கு மேலே மாமா காலை நாலு மணியிலிருந்தே மோட்டார் போட்டு வைத்திருந்தாராம். அவரிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளக்கிறேன்.